விஎம்முக்குள் யுஎஸ்பி கருவி வரவில்லையா? முதலில் அது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவர்களிடம் வந்து சேரும் யுஎஸ்பி சாமான்கள் கொஞ்சம் வேறு ரகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் படகின் ஜிபிஎஸ் கழற்றப்பட்டு மேசைக்கு வருவது அப்போதுதான். மண்டபம் பக்கம் இறால், நண்டு ஏற்றுமதி செய்பவர்களிடம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருக்கும். இது போக பழைய எடை மெஷின், பில் மெஷின் என்று சீரியல் கேபிளில் பேசும் கருவிகள் ஏராளம்.

இவற்றின் சாஃப்ட்வேர் பலவும் பழைய விண்டோஸோடு நின்றுவிட்டவை. அதனால் லேப்டாப்பில் லினக்ஸோ விண்டோஸ் 11-ஓ ஓட, அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினில் (சுருக்கமாக விஎம், கம்ப்யூட்டருக்குள் நிரலாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) விண்டோஸ் 7-ஐயோ எக்ஸ்பி-யையோ வைத்துக்கொள்கிறோம். கேபிளைச் செருகினால் வெளியே சத்தம் வருகிறது, உள்ளே ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு யுஎஸ்பி கருவியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்துக்கொள்ள முடியும். அதைப் பிடிக்கக்கூடியவர்கள் மூன்று பேர்: வெளியே ஓடும் ஹோஸ்ட், நடுவில் நின்று விஎம்மை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஹைப்பர்வைசர், உள்ளே ஓடும் கெஸ்ட். ஒரு வல்லத்துச் சுக்கானை இரண்டு பேர் பிடித்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கோளாறு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி, "இப்போது இது யார் கையில் இருக்கிறது?" என்பதுதான். ஆனால் வழக்கமாக நடப்பது வேறு. கெஸ்ட்டுக்குள் உட்கார்ந்து டிரைவரைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்கிறோம். கருவியே உள்ளே வந்து சேராதபோது டிரைவர் என்ன செய்யும்? கேபிளில் தொடங்கி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

விஎம் தேவைதானா?

வேலையை ஆரம்பிக்கும் முன் இதைக் கேட்டுக்கொண்டால் சில நேரம் அங்கேயே வேலை முடிந்துவிடும். பென் டிரைவில் உள்ள ஃபைல் உள்ளே வேண்டும் என்றால் ஷேர்டு ஃபோல்டர் போதும், பென் டிரைவை விஎம்முக்குள் தள்ள வேண்டாம். பிரிண்டரை ஹோஸ்ட்டில் ஷேர் செய்து நெட்வொர்க் வழியாகக் கெஸ்ட்டில் சேர்த்துக்கொள்வது எப்போதும் மேல். கீபோர்டையும் மவுஸையும் தள்ளவே தள்ளாதீர்கள். தள்ளிய நொடியே வெளியே கை கட்டிப்போய்விடும். வெப்கேமுக்கு, எக்ஸ்டென்ஷன் பேக் என்ற துணைத் தொகுப்பைப் போட்டால், விர்ச்சுவல்பாக்ஸிலேயே வெப்கேம் என்று தனி மெனு இருக்கிறது. யுஎஸ்பி வழியாகத் தள்ளுவதைவிட அது நிலையாக ஓடும்.

ஜிபிஎஸ் விஷயத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு படகுக்காரரின் ஜிபிஎஸ்ஸில் இருக்கும் பாயிண்டுகள் பல வருட உழைப்பு. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதம் மீன் நிற்கும், எந்த இடத்தில் வலை கிழியும், எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது, எல்லாம் அதற்குள் இருக்கும். "தம்பி, மெஷின் போனாப் போகுது, பாயிண்டு போச்சுன்னா நான் கடலுக்குப் போயி என்ன பண்ண?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவே விஎம்மைத் தொடும் முன் ஹோஸ்ட்டிலேயே பேக்கப் எடுங்கள். ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். கார்மின் கம்பெனியின் ஜிபிஎஸ் கைக்கருவிகள் பலவற்றிலிருந்து பாயிண்டுகளை நேராகப் படித்து ஜிபிஎக்ஸ் என்ற பொது வடிவ ஃபைலாகக் கொடுத்துவிடும். ஜிபிஎஸ்மேப் 78 மாதிரிப் பிந்திய மாடல்கள் செருகியதும் ஒரு டிரைவாகவே தெரியும், ஜிபிஎக்ஸ் ஃபைலைக் காப்பி செய்தால் சரி. 76சிஎஸ்எக்ஸ் போன்ற முந்திய மாடலுக்கு மேப்சோர்ஸ் என்ற கார்மினின் பழைய விண்டோஸ் நிரல்தான் வேண்டும் என்றால் மட்டும் விஎம் பக்கம் வாருங்கள்.

கேபிளும் போர்ட்டும்

உப்புக்காற்றில் யுஎஸ்பி முனை சீக்கிரம் கெடும். டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளை நிறத் தகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். படகில் கிடந்த ஜிபிஎஸ்ஸில் ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கும் சிறிய முனையில்தான் இந்தப் பூப்பு அதிகம்.

வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. ஹப் இருந்தால் எடுத்துவிட்டு லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும், 3.0 போர்ட் 900. ஹப்பில் நாலு கருவி தொங்கினால் அந்த 500-ஐத்தான் எல்லாம் பங்கு போடும். ஹப் கட்டாயம் என்றால் தனி அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள்.

லினக்ஸ் ஹோஸ்ட்டில் டிமெஸ்ஜ் என்ற கட்டளை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் செய்திகளைக் காட்டும். கருவியைச் செருகியதும் அதில் மைனஸ் 71 அல்லது மைனஸ் 110 என்ற எர்ரர் எண் வந்தால் விஎம்மை மறந்துவிடுங்கள். 71 என்றால் பேச்சு குழறுகிறது, 110 என்றால் பதிலே வரவில்லை. இரண்டும் பெரும்பாலும் கேபிள், போர்ட், கரண்ட் சம்பந்தப்பட்டவை.

ஹோஸ்ட்டுக்குத் தெரிகிறதா?

ஹோஸ்ட்டுக்கே தெரியாத கருவியைக் கெஸ்ட்டுக்குக் கொடுக்க முடியாது. லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி அடியுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி வரும். அதில் முக்காற்புள்ளிக்கு இரு பக்கமும் நாலு நாலு இலக்கம் இருக்கும். முதலாவது வெண்டர் எண், அடுத்தது ப்ராடக்ட் எண். ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இதில் கலந்து வரும். விண்டோஸ் ஹோஸ்ட் என்றால் டிவைஸ் மேனேஜரில் கருவியின் ப்ராப்பர்டீஸ், அதில் டீடெய்ல்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடிஸ். அதே எண்கள்தான் அங்கேயும் இருக்கும்.

இந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி வரை வேண்டியிருக்கும். இந்தப் பக்கம் அடிக்கடி கண்ணில் படுபவை: எஃப்டிடிஐ கம்பெனி சிப் உள்ள சீரியல் கேபிள் 0403:6001, ப்ராலிஃபிக் கேபிள் 067பி:2303, மலிவான சிஎச்340 கேபிள் 1ஏ86:7523, பழைய கார்மின் கைக்கருவிகள் 091இ:0003, இபாஸ் 2003 டோக்கன் 096இ:0807.

0403:0000 என்று ஒன்று வந்தால் கேபிள் போலி. 2014-ல் எஃப்டிடிஐ வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலி சிப்புகளைக் கண்டால் ப்ராடக்ட் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. அப்படிப்பட்ட கேபிளுக்கு 6001 என்று ஃபில்டர் (எந்தக் கருவியை விஎம் தானாக எடுக்க வேண்டும் என்ற விதி) போட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது. புதுக் கேபிள் வாங்குவதுதான் வழி.

இப்போது யார் பிடித்திருக்கிறார்கள்?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கோளாறுக்கான விடை பெரும்பாலும் இங்கேதான் கிடக்கும்.

லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் டி (ட்ரீ என்ற சொல்லின் முதல் எழுத்து, சின்ன எழுத்தில்) சேர்த்தால் கிளை கிளையாக ஒரு படம் வரும். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் டிரைவர் என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் படித்தாலே யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கார்மின்_ஜிபிஎஸ் என்றோ எஃப்டிடிஐ_எஸ்ஐஓ என்றோ இருந்தால் ஹோஸ்ட் கெர்னல் பிடித்திருக்கிறது. யுஎஸ்பிஎஃப்எஸ் என்று இருந்தால் ஏதோ ஒரு சாதாரண நிரல், நம் விஷயத்தில் பெரும்பாலும் ஹைப்பர்வைசர், எடுத்துக்கொண்டுவிட்டது. ஒன்றுமே இல்லை என்றால் கருவி சும்மா இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

விர்ச்சுவல்பாக்ஸ் தன் பங்குக்கு இதே கேள்விக்குப் பதில் சொல்லும். விபாக்ஸ்மேனேஜ் லிஸ்ட் யுஎஸ்பிஹோஸ்ட் என்ற கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு கருவியின் கீழும் கரன்ட் ஸ்டேட் என்று ஒரு வரி வரும். அவைலபிள் என்றால் யாரும் பிடிக்கவில்லை. பிஸி என்றால் ஹோஸ்ட் பயன்படுத்துகிறது, ஆனால் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. அன்அவைலபிள் என்றால் ஹோஸ்ட் விடவே விடாது. ஹெல்ட் என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறது, எந்த விஎம்முக்கும் இன்னும் கொடுக்கவில்லை. கேப்சர்டு என்றால் ஏதோ ஒரு விஎம்முக்குள் போய்விட்டது. கேப்சர்டு என்று காட்டியும் நீங்கள் பார்க்கும் விஎம்மில் தெரியவில்லை என்றால், பின்னால் இன்னொரு விஎம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் டிவைஸ் மேனேஜரைப் பார்த்தாலே போதும். கருவி தன் சொந்தப் பெயரில் இருந்தால் ஹோஸ்ட் கையில். விர்ச்சுவல்பாக்ஸ் யுஎஸ்பி என்று பெயர் மாறியிருந்தால் ஹைப்பர்வைசர் கையில். விஎம்வேர் என்றால் விஎம்வேர் யுஎஸ்பி டிவைஸ் என்று மாறும்.

ஹோஸ்ட் பிடித்திருக்கிறது என்றால், எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று தேட வேண்டும். லினக்ஸில் வழக்கமாக மாட்டுபவை சில உண்டு. கார்மின் பழைய கருவியைக் கார்மின்_ஜிபிஎஸ் என்ற கெர்னல் மாட்யூல் செருகிய உடனே பிடித்துக்கொள்ளும். ஜிபிஎஸ்பேபலுக்கும் இதே தொல்லைதான். ஆகவே எடிசி ஃபோல்டருக்குள் மாட்ப்ரோப்.டி என்ற இடத்தில், பெயர் கான்ஃப் என்று முடிகிற ஒரு ஃபைல் உருவாக்கி, பிளாக்லிஸ்ட் கார்மின்_ஜிபிஎஸ் என்று ஒற்றை வரி எழுதி ரீஸ்டார்ட் செய்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் போய்விடும்.

சிஎச்340 கேபிளை உபுண்டு 22.04-ல் செருகினால் வந்த வேகத்தில் காணாமல் போகும். காரணம் பிஆர்எல்டிடிஒய். பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் கருவிகளுக்கான சேவை அது. அதே எண்ணில் ஒரு பிரெய்ல் கருவி இருப்பதால் இந்தக் கேபிளையும் அது என்று நினைத்துப் பிடிக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் பிரெய்ல் கருவி யாரும் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்தப் பேக்கேஜை நீக்கிவிடுங்கள். மோடம்மேனேஜர் இன்னொரு ஆள். எந்த சீரியல் கேபிள் வந்தாலும் மோடமா என்று தட்டிக் கேட்டுப் பார்க்கும். இன்டர்நெட்டுக்கு டேட்டா டோங்கிள் பயன்படுத்தாத மெஷினில் அதை நிறுத்தி வைப்பதில் நஷ்டம் இல்லை.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் பிடிப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிற ஆட்கள்: திறந்து கிடக்கும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னல், டாஸ்க்பாரின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஜிபிஎஸ் கம்பெனியின் அப்டேட் நிரல், டோக்கனின் குட்டி நிரல். எல்லாவற்றையும் மூடிவிட்டு, கருவியைப் பிடுங்கி, திரும்பச் செருகி, பிறகு கேளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் சொல்லும் "முந்தைய வேண்டுகோளில் பிஸியாக இருக்கிறது" என்ற செய்தி பல நேரம் இத்தோடு போய்விடும். ஒரே மெஷினில் விஎம்வேரும் விர்ச்சுவல்பாக்ஸும் இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். இரண்டும் கருவிக்குப் போட்டி போடும்.

விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பு

லினக்ஸ் ஹோஸ்ட்டில் டிவைசஸ் மெனுவில் யுஎஸ்பி பட்டியல் காலியாக இருந்தால் தொண்ணூறு பாகம் அனுமதிப் பிரச்சினை. உங்கள் பயனர் பெயர் விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் இருக்க வேண்டும். சூடோ யூசர்மாட் கட்டளையில் மைனஸ் ஏஜி (ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து) கொடுத்து, குழுவின் பெயர், உங்கள் பெயர் என்ற வரிசையில் எழுதுங்கள். ஏ-வை விட்டுவிடாதீர்கள், விட்டால் மற்றக் குழுக்களிலிருந்து உங்கள் பெயர் நீங்கிவிடும். அப்புறம் லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. க்ரூப்ஸ் என்று அடித்தால் சேர்ந்ததா இல்லையா என்று தெரியும்.

அடுத்தது கன்ட்ரோலர், அதாவது விஎம்முக்குள் காட்டப்படும் யுஎஸ்பி போர்ட்டின் வகை. விஎம்மின் செட்டிங்ஸில் யுஎஸ்பி பகுதியில் 1.1, 2.0, 3.0 என்று மூன்று தேர்வு இருக்கும். 2022 அக்டோபரில் வந்த 7.0 பதிப்புக்கு முன்பு 2.0-க்கும் 3.0-க்கும் எக்ஸ்டென்ஷன் பேக் தனியாகப் போட வேண்டியிருந்தது. இப்போது யுஎஸ்பிக்கு அது தேவையில்லை. 6.1 ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், பேக்கின் பதிப்பு எண்ணும் விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெஸ்ட் அடிஷன்ஸுக்கும் யுஎஸ்பிக்கும் சம்பந்தமில்லை, அது ஷேர்டு ஃபோல்டருக்கும் திரை அளவுக்கும்தான்.

எதைத் தேர்வு செய்வது? பெரிய எண் நல்லது என்று 3.0 போட்டுவிட்டுத் தவிப்பவர்கள்தான் அதிகம். விண்டோஸ் 7-க்குள் 3.0 கன்ட்ரோலருக்கான டிரைவர் கிடையாது. இன்டெல்லின் டிரைவரைத் தனியாகப் போட்டால்தான் உயிர் வரும். விண்டோஸ் 8 முதல் அது உள்ளேயே உண்டு. ஆகவே விண்டோஸ் 7 கெஸ்ட்டுக்கு 2.0 போடுங்கள். எக்ஸ்பிக்கும் சர்வீஸ் பேக் 1 முதல் 2.0 ஓடும். ஜிபிஎஸ்ஸும் சீரியல் கேபிளும் எப்படியும் நொடிக்கு 12 மெகாபிட் வேகக் கருவிகள். அவற்றுக்கு 3.0-ல் ஒரு லாபமும் இல்லை. முரண்டு பிடிக்கும் பழைய கருவியை 1.1-ல் வைத்துப் பார்ப்பதும் உண்டு. இந்த மாற்றங்களைச் செய்ய விஎம் முழுதாக ஷட்டவுன் ஆகியிருக்க வேண்டும். சேவ் செய்து மூடிய விஎம்மில் தேர்வு மங்கலாகக் கிடக்கும்.

பிறகு ஃபில்டர். அதே யுஎஸ்பி பகுதியில் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்திக் கருவியைத் தேர்ந்தெடுத்தால் வெண்டர், ப்ராடக்ட், ரிவிஷன், சீரியல் நம்பர் எல்லாவற்றையும் அதுவே நிரப்பிக்கொள்ளும். அங்கேதான் சிக்கல். எல்லாக் கட்டமும் பொருந்தினால்தான் ஃபில்டர் பிடிக்கும். ஒருவரின் ஜிபிஎஸ்ஸுக்குப் போட்ட ஃபில்டர் அதே மாடல் அடுத்த ஜிபிஎஸ்ஸைப் பிடிக்காததற்குக் காரணம் சீரியல் நம்பர் வேறு என்பதுதான். சர்வீஸ் கடைக்காரர்கள் ரிவிஷனையும் சீரியல் நம்பரையும் அழித்துவிட்டு, வெண்டரும் ப்ராடக்டும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செருகியதும் டிரைவாகத் தெரிந்து, அப்புறம் மோடமாக மாறும் டேட்டா டோங்கிள்களுக்கு ப்ராடக்ட் எண்ணையும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் மாறும்போது அந்த எண்ணும் மாறிவிடும். உதாரணமாக ஹுவாவே டோங்கிளுக்கு வெண்டர் 12டி1 மட்டும் போதும். ஆனால் எல்லாக் கட்டத்தையும் காலியாக விட்ட ஃபில்டர் கண்ணில் பட்டதை எல்லாம் இழுத்துக்கொள்ளும், கீபோர்டு உட்பட. சோதிக்க ஒரு நிமிடம் போடலாம், வைத்திருக்கக் கூடாது.

ஃபில்டர் போட்ட பிறகு கருவியைப் பிடுங்கிச் செருகுங்கள். ஏற்கனவே செருகிக் கிடப்பதை ஃபில்டர் பல நேரம் தானாக எடுக்காது. விஎம் ஓடும்போது செருகுவதே நல்ல பழக்கம்.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் இவ்வளவும் சரியாக இருந்தும் எந்தக் கருவியுமே உள்ளே போகவில்லை என்றால், விர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி டிரைவர் ஹோஸ்ட்டில் சரியாக உட்காரவில்லை. ரிஜிஸ்ட்ரியில் கை வைக்காமல், விர்ச்சுவல்பாக்ஸை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராக மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது யுஎஸ்பி சப்போர்ட் என்ற தேர்வும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விஎம்கள் அழியாது.

மற்ற ஹைப்பர்வைசர்கள்

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 முதல் இலவசம், அதனால் இந்தப் பக்கம் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். யுஎஸ்பியில் அதன் கை கொஞ்சம் திடமானது. ரிமூவபிள் டிவைசஸ் மெனுவில் கருவியைக் கனெக்ட் செய்தால் போதும். மெனு காலியாக இருந்தால் விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் விஎம்வேர் யுஎஸ்பி ஆர்பிட்ரேஷன் சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்த்து ஸ்டார்ட் கொடுங்கள்.

லினக்ஸில் விர்ட்-மேனேஜர் (லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம்மை நடத்தும் நிரல்) என்றால், ஆட் ஹார்ட்வேரில் யுஎஸ்பி ஹோஸ்ட் டிவைஸ். அப்படிச் சேர்த்த கருவியைக் கழற்றி வைத்துவிட்டு விஎம்மைத் தொடங்கினால் கருவி இல்லை என்று சொல்லித் தொடங்கவே மறுக்கும். எக்ஸ்எம்எல் பகுதியில் ஸ்டார்ட்அப்பாலிசி என்பதை ஆப்ஷனல் என்று வைத்தால் அந்த அடம் நின்றுவிடும். ஒரே எண் உள்ள இரண்டு சீரியல் கேபிள் செருகியிருந்தால் எது என்று தெரியாமல் குழம்பும். பஸ் எண், டிவைஸ் எண் கொடுத்துப் பிரிக்கலாம், ஆனால் டிவைஸ் எண் ஒவ்வொரு முறை செருகும்போதும் மாறும். ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற சர்வர் ஹைப்பர்வைசரில் போர்ட்டையே குறிப்பிட்டுக் கொடுக்கலாம் என்பது பெரிய வசதி. எந்தப் போர்ட்டில் எது என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் சண்டை இல்லை.

விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி நேராக யுஎஸ்பி கருவியை உள்ளே விடாது. அதில் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யுஎஸ்எல் 2-க்குள் வேண்டும் என்றால் யுஎஸ்பிஐபிடி என்ற இலவச நிரல் உண்டு. லிஸ்ட், பைண்ட், அட்டாச் என்ற வரிசை.

கெஸ்ட்டின் உள்ளே

கருவி கேப்சர்டு என்று வந்துவிட்டது, கெஸ்ட்டின் டிவைஸ் மேனேஜரில் ஏதோ ஒரு வரியும் சேர்ந்துவிட்டது என்றால்தான் டிரைவர் பேச்சு. மஞ்சள் முக்கோணத்தை இருமுறை தட்டி எர்ரர் எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவர் இல்லை, போட்டால் சரி. 43 என்றால் கருவி தன்னைச் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கேபிளுக்கும் கன்ட்ரோலர் தேர்வுக்கும் திரும்பிப் போங்கள். 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் கருவியைத் தொடங்க முடியவில்லை. ப்ராலிஃபிக் கேபிளில் 10 வந்தால் சிப் பழையதாகவோ போலியாகவோ இருக்கும். புது டிரைவர் அவற்றை ஏற்காது, 2012-லேயே நிறுத்தப்பட்ட சிப் என்று பெயரிலேயே சொல்லிவிடும். பழைய டிரைவரைத் தேடுவதைவிட எஃப்டிடிஐ கேபிள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது சர்வீஸ் செய்பவர்களுக்கு நிம்மதி.

டிரைவர் சரி, காம் போர்ட்டும் (சீரியல் கேபிளுக்கு விண்டோஸ் தரும் போர்ட்) வந்துவிட்டது, ஆனால் ஜிபிஎஸ்ஸிலிருந்து குப்பை எழுத்துகள் வருகின்றன என்றால் அது யுஎஸ்பி கோளாறே இல்லை. என்எம்இஏ 0183 முறையில் பேசும் ஜிபிஎஸ்ஸும் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரும் வழக்கமாக 4800 பாட் வேகத்தில் பேசும். சாஃப்ட்வேரில் 9600 இருந்தால் குப்பைதான் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் காம் எண்ணைப் பாருங்கள். சில பழைய சாஃப்ட்வேரில் காம்4-க்கு மேல் தேர்வே இருக்காது. டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் சின்ன எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

டோக்கன் ஒரு தனிக் கதை

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பார்க்கப் பென் டிரைவ் மாதிரி இருந்தாலும் உள்ளே ஸ்மார்ட் கார்டு. லினக்ஸ் ஹோஸ்ட்டில் பிசிஎஸ்சிடி என்ற சேவை இதைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தும்போது சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் நிறுத்துங்கள். சாக்கெட்டை விட்டுவிட்டால் யாராவது கேட்டதும் சேவை மறுபடி எழுந்துவிடும்.

அடுத்தது, விஎம்முக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் போகிறவர்களுக்கு. இது தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பில் விண்டோஸ் ஸ்மார்ட் கார்டை அந்த மெஷினில் தேடாது, இணைப்பு எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்ததோ அங்கே தேடும். ஆகவே டோக்கன் விஎம்முக்குள் சரியாக இருந்தாலும் ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலில் தெரியவே தெரியாது. விர்ச்சுவல்பாக்ஸின் சொந்த ஜன்னலில் பார்த்தால் தெரியும். இதையே சாதகமாகவும் திருப்பலாம். டோக்கனை ஹோஸ்ட்டிலேயே விட்டுவிட்டு, லோக்கல் ரிசோர்சஸில் ஸ்மார்ட் கார்டு டிக் செய்து இணைத்தால் யுஎஸ்பியைத் தள்ளாமலே கையெழுத்து போடலாம். ஹைப்பர்-வியில் என்ஹான்ஸ்டு செஷன் இப்படித்தான் டோக்கனை உள்ளே காட்டுகிறது. கெஸ்ட்டில் டோக்கனின் டிரைவர் இருக்க வேண்டும், அவ்வளவே.

கையெழுத்து நிரல், பிரவுசர், டோக்கன் மூன்றும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். பல கையெழுத்து நிரல்கள் தான் ஓடும் மெஷினின் உள் முகவரியில்தான் காது கொடுத்திருக்கும். பிரவுசரை ஹோஸ்ட்டில் திறந்து, நிரலை விஎம்மில் ஓட்டினால் இரண்டும் சந்திக்காது. இன்னொன்று, டோக்கன் தெரிந்து பின் நம்பரை மட்டும் ஏற்கவில்லை என்றால் ஊகித்து ஊகித்து அடிக்காதீர்கள். சில தவறான முயற்சிக்குப் பின் பூட்டிக்கொள்ளும். ஏற்றுமதிச் சரக்கு ஐஸில் காத்திருக்கும்போது அந்தப் பூட்டைத் திறக்க அலைவது பெரும்பாடு.

நடுவில் அறுந்து போகும் இணைப்பு

வேலை நடக்கிறது, கொஞ்ச நேரத்தில் கருவி காணாமல் போகிறது என்றால் முதல் சந்தேகம் மின் சேமிப்பு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள், டிவைஸ் மேனேஜரில் ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் உள்ள டிக்கை எடுங்கள். ஹோஸ்ட்டிலும் கெஸ்ட்டிலும் இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். லேப்டாப்பை மூடித் தூங்கவைத்து எழுப்பினால் கருவி ஹோஸ்ட் கைக்குத் திரும்பியிருக்கும், மெனுவில் மறுபடி டிக் செய்யுங்கள்.

இரண்டாவது சந்தேகம் கரண்ட். மெயின் போய் இன்வர்ட்டர் எடுக்கும் அந்த இடைவெளியில் அடாப்டர் போட்ட ஹப் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். ஹோஸ்ட்டுக்கு அது கருவியைப் பிடுங்கிச் செருகியதற்குச் சமம். ஜிபிஎஸ்ஸுக்குள் பாயிண்டுகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது இப்படி ஆகக் கூடாது என்றால், அந்த வேலையைப் பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில், ஹப் இல்லாமல் செய்யுங்கள்.

எதற்கும் மசியாத கருவி

கருவியை ஒவ்வொன்றாகக் கொடுக்காமல், யுஎஸ்பி கன்ட்ரோலரையே முழுதாக விஎம்முக்கு எழுதிக்கொடுக்கும் முறை ஒன்று உண்டு. கேவிஎம், ப்ராக்ஸ்மாக்ஸ் இரண்டிலும் செய்யலாம். பயாஸில் இன்டெல் என்றால் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யூ இயங்க வேண்டும். அந்தக் கன்ட்ரோலர் தன் ஐஓஎம்எம்யூ குழுவில் தனியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், கூட வேறு ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். அதன் பிறகு அந்தப் போர்ட்டில் எதைச் செருகினாலும் ஹோஸ்ட் கண்ணிலேயே படாது, நேராகக் கெஸ்ட்டுக்குத்தான். லேப்டாப்பில் இதைச் செய்ய வேண்டாம். பெரும்பாலும் ஒரே கன்ட்ரோலர்தான் இருக்கும், உள் வெப்கேமும் ப்ளூடூத்தும் எல்லாப் போர்ட்டும் சேர்ந்து போய்விடும். டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் யுஎஸ்பி கார்டு ஒன்று தனியாக வாங்கிப் போட்டு, அதை மட்டும் விஎம்முக்குக் கொடுத்துவிடுங்கள்.